டயரா, பெல்ட்டா?

சேற்றில் பிறந்து சேற்றில் வளர்ந்த ஒருவன், சேறு என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே மறந்துவிட முடியுமா? முடியும். நான் மறந்திருக்கிறேன். அதுவும் கணுக்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டே மறந்திருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. மஸ்கட்டில் நான்கு வருடம் ஏ.சி. ரிப்பேர் பார்த்துவிட்டு, கீழ்வேளூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பியிருந்தேன். பக்கத்து ஊர் மாணிக்கம் மாமாவின் மகள் கயல்விழியை எனக்குக் கேட்டிருந்தார்கள். (மாமா என்றால் சொந்த மாமா இல்லை. எப்படியும் ஆகப்போகிறவர்தானே என்று நானே முன்கூட்டி வைத்துக்கொண்ட முறை.) கயலுக்கு என்னைப் பிடித்திருந்தது. அவள் அப்பாவுக்குத்தான் யோசனை.

“ஒத்தப் பொண்ணு தம்பி. கட்டிக் குடுத்துட்டு போன்ல மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது. இன்னைக்கு இங்க இருப்பீங்க, நாளைக்கு பிளேன் ஏறிடுவீங்க. ஊர்லயே ஒரு தொழிலப் புடிச்சு காலூனி நில்லுங்க. அப்பறம் பேசுவோம்” என்றார்.

எடுத்த எடுப்பிலேயே ஒரு தம்பி போட்டார். அந்தத் தம்பியை எப்படியாவது மாப்பிள்ளையாக மாற்றிவிட வேண்டும். அன்றைக்கு எனக்கு வாழ்க்கையில் வேறு லட்சியமே கிடையாது.

தொழில் என்றதும் எனக்குத் தோன்றியது அறுப்பு மெஷின். தை பிறந்தால் எங்கள் பக்கம் அதற்குத்தான் மவுசு. ஆத்தூர், சேலம் பக்கமிருந்து மெஷின்கள் வந்து இறங்கும். டிரைவருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துக்கொண்டு, “அண்ணே, நம்ம வயலுக்கு எப்ப வர்றீங்க?” என்று ஊரே பின்னால் நடக்கும். அந்த மெஷின் நம்முடையதாக இருந்தால், மாணிக்கம் மாமாவும் நம் பின்னால்தானே நடந்தாக வேண்டும்? என் கணக்கு அவ்வளவுதான்.

புதிது வாங்க வசதியில்லை. செல்போனில் தேடினேன். பஞ்சாபில் பல்ஜீத் என்று ஒருவர் தன் பழைய மெஷினை விற்கப் போட்டிருந்தார். வீடியோ அனுப்பினார். அடடா! கோதுமை வயலில் அந்த மெஷின் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! பல்ஜீத் ஒரு கையில் ஸ்டியரிங்கையும் மறு கையில் லஸ்ஸி டம்ளரையும் பிடித்திருந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. கார்த்திகை மாத மழையில் எங்கள் வரப்பில் நின்றபடி, ஒரு செருப்பைச் சேற்றுக்குள் தொலைத்துவிட்டு, மற்றொரு செருப்போடு அந்த வீடியோவைப் பதினேழு முறை பார்த்தேன்.

பேரம் பேசுவதில் ஒரு சின்னச் சிக்கல். எனக்குத் தெரிந்த இந்தி முழுவதும் ஏ.சி. சம்பந்தப்பட்டது. கேஸ் தீர்ந்துவிட்டது, ஃபில்டர் அழுக்காக இருக்கிறது, நாளைக்கு வருகிறேன். இந்த மூன்றையும் சரளமாகப் பேசுவேன். ஓர் அறுப்பு மெஷினைப் பற்றி வேறென்ன கேட்பதென்று தெரியாமல், “கூலிங் டீக் ஹை?”, அதாவது கூலிங் சரியாக இருக்கிறதா என்று கேட்டுவைத்தேன். பல்ஜீத் கேள்வியை இன்னொரு தடவை கேட்கச் சொன்னார். பிறகு, “டீக் ஹை, பாய்” என்றார். நான் திருப்தியடைந்து மஸ்கட் சேமிப்பை அனுப்பிவிட்டேன்.

வீட்டில் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“டயரா, பெல்ட்டா?”

அறுப்பு மெஷினில் இரண்டு ஜாதி உண்டு. பெல்ட் வண்டி, சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து ஈர வயலிலும் போகும். டயர் வண்டி காய்ந்த தரையில் பறக்கும், ஈரத்தில் உட்கார்ந்துவிடும். எங்கள் ஊர் ஆடு மாடுகளுக்குக்கூட இது தெரியும்.

“டயர்ப்பா. அதான் ஸ்பீடு” என்றேன்.

அப்பா என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கால் கழுவப் போய்விட்டார்.

மெஷின் டிரெய்லர் லாரியில் புறப்பட்டது. லாரி டிரைவர் சத்னாம் தினமும் தான் இருக்கும் இடத்தைப் போனில் அனுப்புவார். அந்தப் பத்து நாளும் எங்கள் ஊர் டீக்கடையில் தேர்தல் முடிவு கேட்பதுபோல் கூட்டம். “குவாலியர் தாண்டிடுச்சாம்ல?” “நாக்பூர்ல பஞ்சராம்.” வாழ்நாளில் திருவாரூரைத் தாண்டாதவர்கள் எல்லாம் மத்தியப் பிரதேசத்துச் சாலைகளைப் பற்றிக் கருத்துச் சொன்னார்கள். மாணிக்கம் மாமாவே ஒருநாள் போன் செய்தார்.

“எங்க வருது வண்டி?”

“ஓசூர் வந்துடுச்சு மாமா. மொத அறுப்பு உங்க வயல்லதான். போணி நீங்கதான் பண்ணணும்.”

“அதுக்கென்ன, செஞ்சுடுவோம்” என்றார். தம்பி போடவில்லை! அன்றைக்கு முழுவதும் என் கால் தரையில் படவில்லை.

வியாழக்கிழமை காலை லாரி கீழ்வேளூர் வந்து சேர்ந்தது. மெஷினுக்கு மாலை போட்டு, சத்னாமுக்கும் மாலை போட்டு, ஊர் எல்லைக்கு அழைத்து வந்தோம். அவர் இறங்கி நாலாபுறமும் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி, சரிவாக இறக்கிக் காட்டினார். மேடு எங்கே என்று கேட்கிறார். லாரியின் பின்பக்கத்தை ஒரு மேட்டில் ஒட்டி நிறுத்தினால்தான் மெஷின் உருண்டு இறங்கும்.

மேடா? எங்கள் ஊரிலா? வட்டிலைக் கவிழ்த்தாற்போல் தட்டையாக இருந்தால்தானே நெல் விளையும் என்று எங்கள் முன்னோர்கள் ஆயிரம் வருடமாக வெட்டி வெட்டிச் சமப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெரிய லாரியை ஓட்டிக்கொண்டு அன்று முழுவதும் மேடு தேடி அலைந்தோம். ஆற்றங்கரை உயரமாகத்தான் இருந்தது. அதன்மேல் ஏறும் பாதை லாரியைவிட ஒல்லியாக இருந்தது. ஒருவர் சுடுகாட்டு மேட்டைச் சிபாரிசு செய்தார். அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

சாயங்காலம்தான் தகவல் வந்தது. மாணிக்கம் மாமா ஊரில் புதுப் பாலம் கட்டுவதற்காகச் செம்மண் கொட்டிக் குவித்து வைத்திருக்கிறார்களாம். அதுவும் மாமாவின் வயலை ஒட்டியே. கடவுளே மேடு போட்டுக் கொடுத்துவிட்டார் என்று எனக்குக் கண் கலங்கியது. மெஷின் அம்சமாக இறங்கியது. அன்று இரவு, தை மாதத்தில் யாரும் எதிர்பார்க்காத ஒரு மழையும் இறங்கியது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. முன்பக்கக் கட்டரை மாட்டி முடித்தாயிற்று. நான் வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ் சகிதம் நிற்கிறேன். வரப்பில் ஊர் ஜனம். அவர்களுக்கு நடுவில் செல்போனை உயர்த்திப் பிடித்தபடி கயல்விழி. மாமா வயலில் இறங்கி, காலால் ஓர் அழுத்து அழுத்திப் பார்த்தார்.

“ஈரமா இருக்கு. ரெண்டு நாள் காயட்டுமே தம்பி.”

தம்பி திரும்பி வந்துவிட்டது! எனக்குப் பதறியது. பத்தரைக்கு ராகு காலம் வேறு.

“நல்ல நேரம் போயிடும் மாமா. பஞ்சாப் வண்டி, சும்மா பறக்கும் பாருங்க.”

சத்னாமும் செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் கால் வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினார். வாழ்நாள் முழுவதும் கோதுமை பார்த்த மனிதருக்கு ஒரே மிதியில் புரிந்தது. எனக்குப் புரியவில்லை. பூசணிக்காய் உடைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை எடுத்தேன். எலுமிச்சம்பழம் நசுங்க வேண்டும் அல்லவா? நசுங்கவில்லை. நான்கும் முழுசாகச் சேற்றுக்குள் போய்விட்டன. (அப்போதாவது நான் இறங்கியிருக்கலாம்.)

முதல் முப்பது அடி சொர்க்கம். கதிர் சரசரவென்று உள்ளே போகிறது, நெல் தொட்டியில் கொட்டுகிறது, ஜனம் கை தட்டுகிறது. நான் கயலைப் பார்த்து, பல்ஜீத்தைப் போல ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து ஆட்டினேன். அந்த நொடியில் அவள் என்னைவிடக் கொஞ்சம் உயரமாகத் தெரிய ஆரம்பித்தாள். அவள் உயரவில்லை. நான்தான் இறங்கிக்கொண்டிருந்தேன்.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். வண்டி ஆத்திரத்தோடு இன்னும் ஆழமாகத் தோண்டியது. மறுபடி மிதித்தேன். கரையில் நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை கத்தினார்கள். “லெஃப்டுல ஒடிங்க!” “ரிவர்ஸ் போடுங்க!” “மிதிக்காதீங்க!” நான் எல்லாருக்கும் மரியாதை கொடுத்து எல்லாவற்றையும் செய்தேன். வண்டியின் வயிறு தரையில் உட்கார்ந்தது. வெள்ளைச் சட்டையில் வெள்ளை என்று சொல்ல காலர் மட்டும்தான் மிச்சம்.

இழுப்பதற்கு ஒரு டிராக்டர் வந்தது. அதுவும் புதைந்தது. அதை இழுக்க இன்னொரு டிராக்டர் வந்தது. அதுவும் துணைக்கு உட்கார்ந்தது. கடைசியில் ஒரு ஜே.சி.பி. வந்தது. அந்த டிரைவர் மேட்டில் நின்று, வரிசையாகப் புதைந்திருந்த மூன்று வண்டியையும் பார்த்தார்.

“நான் எறங்க மாட்டேண்ணே. எனக்கு இப்பதான் பொண்ணு பாத்துக்கிட்டிருக்காங்க” என்று திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சத்னாம் படம் எடுத்துப் பஞ்சாபுக்கு அனுப்பியிருக்கிறார். பல்ஜீத் வீடியோ காலில் வந்தார். ஈரச் சேற்றில் இடுப்புவரை குளிர்ச்சியாக அமர்ந்திருந்த தன் பழைய மெஷினைக் கண் விரியப் பார்த்தார். பிறகு மிகுந்த அக்கறையோடு என்னிடம் கேட்டார்: “கூலிங் டீக் ஹை, பாய்?”

சிரிப்பெல்லாம் ஒரு பக்கம். மாமாவின் வயல் முற்றிய வயல். இன்னொரு மழை பெய்தால் கதிர் சாய்ந்து முளைத்துவிடும். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண் கிடைக்காவிட்டால் போகட்டும், அந்த மனிதரின் ஒரு போகத்து நெல்லை அல்லவா கெடுக்கப் பார்த்தேன்?

மறுநாள் ஆத்தூரிலிருந்து ஒரு பெல்ட் வண்டி வந்தது. அது பாட்டுக்கு ஊர்ந்து வந்து வயல் முழுவதையும் அறுத்தது. நான் அவமானம் தாங்காமல் என் மெஷினின் படியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பெல்ட் வண்டி டிரைவர் என்னருகே வந்து நிறுத்தினார். வீடு பெருக்குகிறவர்கள் சொல்வார்களே, அந்தக் குரலில் சொன்னார்:

“அண்ணே, காலைக் கொஞ்சம் தூக்கிக்குங்க.”

தூக்கிக்கொண்டேன். என் காலடியிலிருந்த கதிரையும் அறுத்துக்கொண்டு போய்விட்டார்.

டிராக்டர்கள் இரண்டும் நான்கு நாளில் கரையேறின. என் வண்டி அசையவில்லை. தரை காய வேண்டும். அதுவரை பேட்டரியையும் டீசலையும் யாரும் கழற்றிக்கொண்டு போகாமல் காவல் இருக்க வேண்டும். ஆக, நான் பெண் கேட்ட வீட்டு வயலில், நானே ஒரு வண்டிமேல் ஒன்பது நாள் குடியிருந்தேன். வேளாவேளைக்கு மாமா வீட்டிலிருந்து அடுக்கு டிபன் கேரியரில் சோறு வந்தது. முதல் இரண்டு நாள் மாமாவே கொண்டுவந்து வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். மூன்றாம் நாளிலிருந்து கயல் கொண்டுவந்தாள்.

“எறங்கி வந்து வரப்புல உக்காந்து சாப்புடுங்களேன்” என்றாள்.

“எந்த மூஞ்சியோட எறங்குறது?”

“மூஞ்சி எங்க தெரியுது, சேறுதான் தெரியுது” என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். கேரியரின் அடித்தட்டில் மீன் குழம்பு இருந்தது.

ஒன்பதாம் நாள், சக்கரத்துக்கு அடியில் வைக்கோல் கட்டும் பனந்துண்டுமாகக் கொடுத்து, நாற்பது பேர் வடம் இழுப்பதுபோல் இழுத்ததில் மெஷின் கரையேறியது. கரையில் நின்றுகொண்டிருந்த மாமாவின் முன்னால் போய் நின்றேன். ஒன்பது நாளாகப் பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

“தப்பு என்னுதுதான் மாமா. நேர்ல பாக்காம வாங்கினேன். நீங்க சொன்னதயும் கேக்கல. உங்க வயலக் கெடுக்கப் பாத்தேன். மன்னிச்சுடுங்க. பேச்ச இத்தோட விட்டுடலாம்னாலும் சரிதான்.”

மாமா வயலில் இருந்த குழியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மீசை துடித்தது. கோபம் என்றுதான் நினைத்தேன்.

“ஊர்ல காலூனி நிக்கிற பையன் வேணும்னு கேட்டேன்” என்றார். “ஒன்பது நாள் என் வயல விட்டு ஒரு அடி நகரல. இதுக்கு மேல ஒருத்தன் எப்புடி காலூனுவான்? வாங்க மாப்ள, மொதல்ல குளிங்க.”

அதற்குப் பிறகு அவரால் பேச முடியவில்லை. துண்டை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார். ஒன்பது நாளாக அடக்கி வைத்திருந்த சிரிப்பாம். நாற்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள். நான் மட்டும் அழுதேன். மாப்ள என்று காதில் விழுந்தால் அழுகை வராதா?

மெஷினை இராமநாதபுரம் பக்கம் காய்ந்த பூமிக்காரர் ஒருவருக்குத் தள்ளிவிட்டு, ஒரு பழைய பெல்ட் வண்டி வாங்கினேன். (ஆத்தூருக்கு நேரில் போய், மூன்று வயலில் இறக்கிப் பார்த்து.) அதுதான் இன்றைக்கும் சோறு போடுகிறது. மாமா வயலில் அந்தக் குழி மட்டும் எத்தனை உழவு உழுதும் சரியாகவில்லை. மாப்பிள்ளைக் குழி என்று பெயர். நடவாட்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடுவார்கள். என் மகள் மழைக்காலத்தில் அதில் கெண்டைக்குஞ்சு பிடிக்கிறாள். வீட்டில் ஃபிரிட்ஜ் வாங்கினாலும் குக்கர் வாங்கினாலும் அப்பா கேட்பது ஒரே கேள்விதான்: “டயரா, பெல்ட்டா?”

போன வாரம் செல்போனில் ஒரு பழைய கார் பார்த்தேன். டெல்லிக்காரருடையது. வீடியோவில் என்னமாய் ஓடுகிறது! கயல் பின்னால் வந்து நின்று பார்த்தாள். சமையலறைக்குப் போனாள். பரணிலிருந்து எதையோ இறக்கும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர்ச் சத்தம். திரும்பி வந்து, நன்றாகக் கழுவித் துடைத்த அந்த அடுக்கு டிபன் கேரியரை என் முன்னால் வைத்தாள்.

“எத்தன நாளைக்கு கட்டணும்?” என்றாள்.