பன்னிரண்டாவது போஸ்டர்

என் சாவுக்கு வந்தவர்கள் இவர்கள். எங்கள் சபைப் போதகர். பக்கத்து வீட்டுக்காரர்கள். போஸ்டர் ஒட்டும் ராசையன், அழுதபடி. எனக்குப் பெண் கொடுக்க இருந்த செல்வராஜ் மாமா, மலர்வளையத்தோடு. அவர் மகள் ஸ்டெல்லா. என் அம்மா. கடைசியாக நான்.

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்பு வரைதான். மார்த்தாண்டத்தில் ஒரு அச்சகத்தில் மிஷின் ஓட்டினேன். அங்கே அடித்தது இரண்டு சரக்கு. பேய்க்கதைச் சித்திரப் புத்தகம், சாவுப் போஸ்டர். ஓவியர் ஜெபா போட்டோ பார்த்துத்தான் வரைவார். அவருக்காகத் திருடனாக நின்றேன், போலீஸாக நின்றேன், பிணமாகக் கிடந்தேன். (பிணம்தான் நன்றாக வந்தது என்பார்.) புத்தகத்தில் அவர் பெயர் வரும். என் பெயர் வராது. அது எனக்குக் குறை.

ஒரு கதையில், சுவரிலிருக்கும் சாவுப் போஸ்டர் போகிறவர் வருகிறவரைப் பார்க்கும். அதற்காக நிஜமாகவே ஒரு போஸ்டர் அடித்து, சுவரில் ஒட்டிப் படம் எடுக்க வேண்டும். முகம் என்னுடையது. எங்கே நின்றாலும் நம்மையே பார்ப்பதுபோலக் கண்ணைத் திருத்தினார் ஜெபா.

"பேரு என்ன லே போட?"

"எனக்க பேரையே போடும் அண்ணாச்சி. ஊரையும் போடும்."

"அடக்க ஆராதனை எப்பம்?"

"சனிக்கிழமை நாலு மணி" என்றேன். எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் நிச்சயம் அந்த நேரத்தில்தான். அந்த வாரம் என் தலையில் வேறு நேரமே இல்லை.

ஒன்று போதும். மிஷினில் மை சீராவதற்குள் பன்னிரண்டு விழுந்துவிட்டது. மேசையில் காயப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். சாவுப் போஸ்டர் வைக்கிற மேசை அது. சனிக்கிழமை காலையில் ராசையன் வந்து எடுத்துக்கொண்டு போனான்.

நான் அன்று நாகர்கோவிலில் தைக்கக் கொடுத்த வெள்ளைச் சட்டையை வாங்கி, அங்கேயே போட்டுக்கொண்டேன். வெள்ளை வேட்டி. போனில் சார்ஜ் இல்லை.

எங்கள் ஊர் அருமனையில் இறங்கினேன். மழை விட்டும் விடாமலும் இருந்தது. எதிர்ச் சுவரில் நான் இருந்தேன். கன்னத்தில் பசை வழிந்தது. இடப்பக்கம் நகர்ந்தேன். பார்த்தான். வலப்பக்கம் நகர்ந்தேன். பார்த்தான்.

டீக்கடையில் பேச்சு நின்றது. ரப்பர் தோட்டத்து வழியாக வீட்டுக்கு நடந்தேன். மரத்துக்கு மரம் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டையில் மழைத் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். எதிரே வந்த அக்கா என்னைப் பார்த்ததும் குடையைப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குள் ஓடினாள். குடை தனியாக வழியில் சுற்றியது. எடுத்துப் பிடித்துக்கொண்டேன். (சட்டை புதுசு.) எனக்கே சந்தேகம் வந்து கையில் நாடி பிடித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை. (நாடி எங்கே பார்ப்பது என்று எனக்கு இன்றும் தெரியாது.)

வீட்டில் பந்தல், நாற்காலி எல்லாம் இருந்தன. நிச்சயத்துக்கு நான் போட்டவை. சாவுக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. மிட்டாய்ப் பெட்டியோடு புறப்பட்ட செல்வராஜ் மாமா, ஜங்ஷனில் போஸ்டரைப் பார்த்து மலர்வளையமும் வாங்கியிருந்தார். அம்மா மட்டும் போதகரிடம் மல்லுக்கு நின்றாள்.

"காலம்ப ரெண்டு குழல் புட்டு தின்னுட்டுல்லா போனான்? எப்பம் செத்தான்?"

நான் நுழைந்தேன். சபைப் பாட்டு பாதியில் நின்றது. மாமா முதலில் என் காலைப் பார்த்தார். தரையில்தான் இருந்தது.

"நாந்தான் மாமா. சாவல்ல."

ராசையன் கட்டிக்கொண்டான். "ஒனக்குண்ணு நல்ல நல்ல எடமாப் பாத்து ஒட்டினேனே மக்கா!"

மாமா சொன்னார்: "ஊரு முழுக்க மாப்பிள செத்துக் கெடக்கான். எப்பிடி மோதிரம் மாத்த? எந்திரி பிள்ளே, போலாம்."

ஸ்டெல்லா எழுந்திருக்கவில்லை. "இவருக்கு அழுது முடிச்சாச்சுப்பா. இனி வேறொருத்தருக்கு அழ எனக்குத் தெம்பில்ல. போஸ்டரெல்லாம் கிழிச்சுட்டு வரட்டும். நான் இருக்கேன்."

ராசையன் சைக்கிளை மிதித்தான். சுவர் சுவராக என் முகத்தை நானே கிழித்தேன். சில இடத்தில் கண் மட்டும் ஒட்டி நின்றது. நகத்தால் சுரண்டினேன்.

"இன்னும் ஒண்ணு எங்க லே?"

"தெரியல்ல மக்கா. அழுதுட்டுல்லா ஒட்டினேன், கண்ணு மறச்சிட்டு."

மாமா எண்ணிப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. மோதிரம் மாற்றினோம்.

ஸ்டெல்லாவிடம் பிறகு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. நான் வீட்டுக்குப் பிந்தி வந்தால், "பன்னெண்டாவது ஆளுகிட்ட பேசிட்டு வாரீராக்கும்?" என்பாள். பிள்ளைகள் சிரிக்கும்.

மழையில் கரைந்திருக்கும் என்றுதான் இருந்தேன். போன மாதம் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் என்னை உற்றுப் பார்த்தார். எழுந்து வேறு சீட்டுக்குப் போனார். அவர் ஏறிய ஸ்டாப்புக்குத் திரும்பிப் போய், ஒவ்வொரு சுவராகப் பார்த்தேன். காணவில்லை.

ஒட்டியது பன்னிரண்டு. கிழித்தது பதினொன்று.