தீமைக்கு வலது கால்

"நன்மை ஜெயிக்கட்டும், நல்லதுதான். ஆனா தீமை எதுக்குடா நொண்டுது?" என்று கேட்டாள் லோசா.

தேவாலயக் கூடத்தின் வாசலில், இடுப்பில் வாழைக்காய்க் கூடையோடு அவள் நின்றிருந்தாள். உள்ளே அவள் மகன் மலாக்கி, வெள்ளை ஞாயிறு நாடகத்துக்கு ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தான். வருஷத்துக்கு ஒருமுறை ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வெள்ளை உடுத்தி, பெரியவர்கள் முன்னால் நடித்துக் காட்டும் நாள் அது. அதற்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

"அது குறியீடும்மா" என்றான் மலாக்கி.

மலாக்கி தலைநகர் ஆப்பியாவில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு இலக்கியம் படிப்பவன். 'இலக்கியத்தில் நன்மைக்கும் தீமைக்கும் இடையிலான போராட்டம்' என்று பதினான்கு பக்கக் கட்டுரை எழுதி, அதற்கு சி பிளஸ் வாங்கியவன். பேராசிரியருக்குப் புரியவில்லை, ஊருக்காவது புரியட்டும் என்று அதையே நாடகமாக்கியிருந்தான்.

உண்மையில் நாடகத்தில் நொண்டல் கிடையாது. திங்கட்கிழமை ஒத்திகையில், தீமையாக நடித்த ஒன்பது வயது ஃபெட்டு தானாகவே வலது காலை இழுத்துக்கொண்டு வந்து, மூன்று முறை தொண்டையைக் கனைத்துவிட்டு, "இந்த உலகம் என்னுடையது!" என்றாள். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். மலாக்கி அதை நோட்டில் குறித்துக்கொண்டான். செவ்வாய்க்கிழமை அது தன்னுடைய யோசனை என்று சொன்னான். புதன்கிழமை அதை நம்பவும் தொடங்கிவிட்டான்.

"தீமை முழுமை இல்லாதது. அதனால நொண்டுது. தன் குரல் மேலயே அதுக்கு நம்பிக்கை இல்ல. அதனால கனைக்குது."

"வலது காலு. மூணு கனைப்பு. டேய், இது உலுஃபாலேடா!"

உலுஃபாலே ஊர்த் தலைவர்களில் மூத்தவர். இளமையில் ரக்பி ஆடி வலது முழங்காலைத் தொலைத்தவர். ஊர்ச் சபையில் அவர் மூன்று முறை கனைத்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்த வேண்டும் என்று அர்த்தம்.

மலாக்கி ஃபெட்டுவைத் திரும்பிப் பார்த்தான். "இந்தப் பொண்ணு அவரோட பேத்தியாச்சேம்மா!"

"அதான் சொல்றேன். தாத்தாவை மாதிரி பேத்தியையே நடக்க வெச்சு, அதுக்குத் தீமைன்னு பேரும் வெச்சிருக்க. அவர் மனசை நோகடிச்சா என்ன ஆகும்னு தெரியுமில்ல? பாயைத் தூக்கிக்கிட்டுப் போய் அவர் வாசல்ல உக்காரணும்."

பாய் என்றால் படுக்கிற பாய் இல்லை. லோசா மூன்று வருஷம் உட்கார்ந்து, தாழை ஓலையை நூல் போலக் கிழித்து, பட்டு மாதிரி நெய்தது. மலாக்கியின் அக்கா சூலியாவுக்கு டிசம்பரில் கல்யாணம். அந்தப் பாய் இல்லாமல் மாப்பிள்ளை வீட்டில் போய் நின்றால் பெண் வீட்டுக்காரர்கள் தலையைத் தொங்கப்போட வேண்டியதுதான். போன வருஷம் அதைக் கேட்டு நான்கு வீடுகளிலிருந்து ஆள் வந்தது. லோசா எல்லோருக்கும் கோகோ கொடுத்து வெறுங்கையோடு அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் சூலியா தம்பியின் நாடக நோட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னாள்: "என் பாய்க்கு ஏதாவது ஆச்சு, நன்மைக்கும் தீமைக்கும் நடுவுல உன்னைப் போட்டு மிதிப்பேன்."

மலாக்கி முதல் வைத்தியத்தைச் செய்தான். "ஃபெட்டு, இனிமே இடது காலை நொண்டு."

வெள்ளிக்கிழமை காலைக்குள் ஊர் முழுக்க ஒரே கேள்விதான். "நேத்து வலது காலா இருந்துச்சே, ஏன் மாத்தினாங்க?" கேட்டவர்களுக்கெல்லாம் பதில் உடனே கிடைத்தது. வலது காலைக் கவனிக்காதவர்கள்கூட இப்போது கவனித்தார்கள்.

"மறைச்சதாலதான் தெரிஞ்சுது" என்றாள் லோசா.

சரி, நொண்டலும் வேண்டாம், கனைப்பும் வேண்டாம். தீமை குண்டாக இருக்கட்டும், எதற்கெடுத்தாலும் வயிறு குலுங்கச் சிரிக்கட்டும் என்று மலாக்கி முடிவு செய்தான். பிள்ளைகள் ஓடிப்போய் எங்கிருந்தோ ஒரு தலையணை கொண்டுவந்து ஃபெட்டுவின் சட்டைக்குள் திணித்தார்கள்.

பாதி ஒத்திகையில் போதகர் வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தார்.

"மலாக்கி, உன் தீமை ரொம்ப நல்லா சிரிக்குதுப்பா."

"நன்றி, போதகரே!"

"அந்தத் தலையணை உறையில இருக்கிற பூ, என் வீட்டுக்காரி போட்டது." போதகர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு பாதியில் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அவர் சிரிப்பைப் பாதியில் நிறுத்தி ஊரில் யாரும் பார்த்ததில்லை.

பெரிய நாடுகளில் எழுதுகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அங்கே தீமைக்கு மூக்கு, காது, நடை எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம். பல லட்சம் பேரில் யார் என்று தேடுவது? முந்நூறு பேர் உள்ள ஊரில் தீமைக்கு ஒரு தும்மலைக் கொடுத்தாலும், அந்தத் தும்மல் எந்த வீட்டைச் சேர்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

மத்தியானம் தீமை பெண்ணாக மாறியது. கையில் விசிறி, தலையில் தொப்பி. வீடு வீடாகப் புகுந்து குற்றம் கண்டுபிடிக்கும்.

மாதர் சங்கத் தலைவி சியெனி வாரந்தோறும் விசிறியும் தொப்பியுமாக வீடு வீடாக வந்து சுத்தம் பார்ப்பவள். அவள் ஒத்திகைக்கு வரவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. நேராக லோசா வீட்டுக்கு வந்து, பதினோரு வருஷத்தில் முதல்முறையாகப் பானைகளைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"என்னம்மா தேடறீங்க?" என்றாள் சூலியா.

"ஒண்ணுமில்ல கண்ணு. நான் குற்றம் கண்டுபிடிக்கிறவளாமே. கண்டுபிடிக்க வந்தேன்."

மூன்று கண்டுபிடித்தாள்.

மலாக்கி நோட்டைத் திறந்து, தீமையின் வசனம், நடை, உருவம் எல்லாவற்றையும் அடித்தான். 'தீமை அருவமானது' என்று புதிதாக எழுதினான். ஃபெட்டுவின் தலைமேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி, "நீ பேச வேண்டாம். அசைய வேண்டாம். சும்மா இரு" என்றான்.

பிரச்சினை என்னவென்றால், வெள்ளை ஞாயிறில் எல்லோரும் வெள்ளைதான். நன்மையாக நடித்த எசேராவுக்குப் பத்து வயது. வாளாக ஒரு தென்னை மட்டையை வைத்திருந்தான்.

"அண்ணா, இதுல நான் யாரை அடிக்கணும்?"

"தீமையை."

"அது எது?"

மலாக்கி பதில் சொல்வதற்குள் எசேரா தேவதைகளின் வரிசையில் நான்கு பேரை வீழ்த்தியிருந்தான். அதில் ஒருத்தி திருப்பி அடித்தாள். நன்மை அழுதுகொண்டே வீட்டுக்குப் போனது.

ஒத்திகை கலைந்த பிறகு ஃபெட்டு துணியை மடித்துக் கொடுத்தாள். போகிற போக்கில் சொன்னாள்: "அண்ணா, தாத்தா ரெண்டு நாளா சரியாவே சாப்பிடல."

மலாக்கி அவள் பக்கம் திரும்பினான். "ஏன்?"

"தெரியல. கடலையே பாத்துட்டு உக்காந்திருக்காரு. அப்பப்போ 'தீமையாம், தீமை'ன்னு சொல்றாரு."

அன்றிரவு லோசா பாயை வெளியே எடுத்துப் பிரித்து, உதறி, மறுபடி மடித்தாள்.

"நாளைக்கு விடியக்காலம் இஃபோங்கா போறோம்" என்றாள்.

இஃபோங்கா என்றால் மன்னிப்புக் கேட்கிற சடங்கு. தவறு செய்தவன் குடும்பத்தோடு போய், எதிராளியின் வீட்டு முன்னால் பாயைப் போர்த்திக்கொண்டு தலைகுனிந்து உட்கார வேண்டும். அவர்கள் வந்து பாயை விலக்கினால் மன்னித்தார்கள் என்று அர்த்தம். கொலைக்கும் வெட்டுக்குத்துக்கும் செய்கிற காரியம். நாடகத்துக்காக யாரும் செய்ததாக ஊரில் யாருக்கும் நினைவில்லை. இதைக் கேட்டதும், பயத்துக்கு நடுவிலும், மலாக்கிக்குள் ஒரு சின்னப் பெருமிதம் எட்டிப் பார்த்தது. சி பிளஸ் போட்ட பேராசிரியர் இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தான்.

"பாய் போயிடுமாம்மா?" என்றாள் சூலியா.

"சின்னத் தப்புன்னா திருப்பிக் கொடுத்துடுவாங்கடி. மரியாதைக்குத் தொட்டுட்டுக் கொடுத்துடுவாங்க."

"டேய், உன் தப்பு சின்னத் தப்புதானே?" சூலியா தம்பியைப் பார்த்தாள்.

'சின்னத் தப்பு' என்ற சொல்லே மலாக்கியைப் புண்படுத்தியது.

சனிக்கிழமை விடிந்தபோது மூன்று பேரும் ஒரே பாய்க்கு அடியில் குனிந்திருந்தார்கள். உலுஃபாலே வீட்டுக்குச் சுவர் கிடையாது, தூண்கள்தான். அவர் எழுந்ததும், முகம் கழுவியதும், கோகோ குடித்ததும், தேங்காய்ப்பால் பன் இரண்டு தின்றதும் எல்லாம் அவர்களுக்குக் கேட்டது. பிறகு இன்னொரு பன் தின்றார்.

"ரெண்டு நாளா சாப்பிடலன்னு சொன்ன?" என்று கிசுகிசுத்தாள் சூலியா.

"இப்பதான் பசி எடுத்திருக்கும். பேசாம இரு."

வெயில் முதுகில் ஏறிய பிறகு, மணலில் கால் இழுபடும் சத்தம் வந்தது. மூன்று கனைப்பு. பாய் விலகியது.

"அட, லோசாவா! யாரு செத்தது?"

"யாரும் சாகலைங்கய்யா. இவன் நாடகம் எழுதிட்டான்."

"நாடகமா? நான் எதையும் பாக்கலையே."

லோசா மகனைப் பார்த்தாள். சூலியாவும் பார்த்தாள். மன்னிப்புக் கேட்பதற்காக, தலைவரிடமே, தீமை உங்களைப் போல நொண்டியது என்று மலாக்கி வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் அக்கம்பக்கத்தார் பத்துப் பதினைந்து பேர் வேலி ஓரம் சேர்ந்திருந்தார்கள். சந்தேகத்தில் இருந்தவர்களுக்கும் இப்போது தெளிவாகிவிட்டது.

உலுஃபாலே பொறுமையாகக் கேட்டார். மூவரையும் எழுப்பி, கட்டிப்பிடித்து, கோகோ வரவழைத்தார். பாயைத் தடவிப் பார்த்தார். நன்றாகவே தடவினார்.

"இதுக்குப் போய் இவ்வளவு பெரிய பாயா? பிள்ளைங்க விளையாட்டு. சின்ன விஷயம். எடுத்துட்டுப் போம்மா."

லோசாவின் கை பாய்மேல் பட்டது. சூலியா முதல்முறையாக மூச்சு விட்டாள். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

"மன்னிக்கணும் ஐயா, இது சின்ன விஷயம் இல்ல" என்றான் மலாக்கி.

"டேய்" என்றாள் சூலியா.

"நன்மைக்கும் தீமைக்கும் நடக்கிற போராட்டம்தான் மொத்த இலக்கியத்துக்கும் அடிப்படை. அதைப் பிள்ளைங்க விளையாட்டுன்னு சொல்லக் கூடாது. தீமைக்கு ஒரு உடம்பு கொடுக்கிறது ரொம்பப் பெரிய பொறுப்பு. நான் பதினாலு பக்கம் எழுதியிருக்கேன்."

"அவ்வளவு பெரிசா?" உலுஃபாலேயின் முகம் கவலையில் ஆழ்ந்தது. "எனக்குப் படிப்பு கம்மி தம்பி. தெரியாம சின்னதுன்னு சொல்லிட்டேன். அப்படின்னா எனக்கு நடந்தது பெரிய அவமானம்தான்."

"ரொம்பப் பெரியதுங்கய்யா" என்றான் மலாக்கி, பெருமையாக.

"அப்ப பாய் இங்கயே இருக்கட்டும்."

அவர் மனைவி பாயை மடித்து உள்ளே எடுத்துப் போனாள். லோசாவின் கை பாய் இருந்த இடத்தின்மேல் இன்னும் அப்படியே இருந்தது.

"இன்னொண்ணு" என்றார் உலுஃபாலே. "தப்புக்குப் பாய் வாங்கிட்டேன். நீ அந்தத் தப்பைச் செய்யலேன்னா நான் சும்மா வாங்கின மாதிரி ஆயிடும். ஊரு என்னைத் திருடன்னு சொல்லும். அதனால நாளைக்குத் தீமை நொண்டணும். வலது காலு. கனைப்பையும் விட்டுடாத."

வீடு திரும்பும் வழியில் சூலியா தம்பியைத் திட்டவில்லை. மிதிக்கவும் இல்லை. மலாக்கிக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் நிரம்பி வழிந்தது. ஃபெட்டு வலது காலை இழுத்துக்கொண்டு வந்து, மூன்று முறை கனைத்தாள். கூரை அதிரச் சிரித்தார்கள். முதல் வரிசையில் உலுஃபாலே கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். போதகரும் இந்த முறை முழுச் சிரிப்பும் சிரித்தார். சியெனி விசிறியால் பக்கத்தில் இருந்தவளை அடித்து அடித்துச் சிரித்தாள். பிறகு நன்மை வந்து ஒன்பது நிமிஷம் பேசியது. பெரியவர்கள் சிலர் தூங்கினார்கள். நன்மை வாளை ஓங்கியபோது கூட்டத்திலிருந்து ஒரு குரல், "பாவம், விட்டுடுடா!" என்றது. தீமை விழுந்ததும் மறுபடி எழுந்து நொண்டச் சொல்லிக் கை தட்டினார்கள். அது மூன்று முறை எழுந்தது.

மலாக்கியால் அதையெல்லாம் முழுதாகச் சோகமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவன் எழுத்துக்கு ஊரே கை தட்டியிருக்கிறது. பாய் போனது போகட்டும், கலைக்கு ஒரு விலை உண்டு என்று நினைத்துக்கொண்டான். அந்த விலையைக் கொடுத்தது அக்கா என்பதைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்தான்.

வெள்ளை ஞாயிறில் பிள்ளைகளுக்குத்தான் முதல் பந்தி. பெரியவர்கள் பரிமாற வேண்டும். மலாக்கி கோழித் தட்டோடு வரிசையாக வந்து, ஃபெட்டுவின் முன்னால் குனிந்தான்.

"ரொம்ப நல்லா நடிச்ச ஃபெட்டு. நான் அந்த நொண்டல்ல வெச்ச குறியீட்டை நீ ஒருத்திதான் சரியாப் புரிஞ்சுக்கிட்ட."

ஃபெட்டு இருப்பதிலேயே பெரிய கோழிக்காலை எடுத்துக்கொண்டாள்.

"குறியீடெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணா. 'நல்லா நொண்டு கண்ணு, ஒரே வாரத்துல லோசா வீட்டுப் பாய் நம்ம வாசலுக்குத் தானா வந்துடும்'னு தாத்தாதான் நடந்து காட்டிச் சொல்லிக் கொடுத்தாரு."