அது வெறும் பை இல்லை

முகூர்த்தத்துக்கு அரைமணி நேரம்தான் இருந்தது. திருமாங்கல்யம் வைத்திருந்த பையைக் காணோம்.

குரோம்பேட்டை கல்யாண மண்டபத்தில், பெண்ணைப் பெற்ற ஸ்ரீநிவாசராகவன் பந்திக்கும் மணமேடைக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். ரிடையர்டு இங்கிலீஷ் வாத்தியார். ஒரு வார்த்தைக்காவது பூர்வீகம் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. தாலியைத் திருடன் கண்ணில் படாமல் கொண்டுவர, என்.சி.சி. காலத்துக் காக்கிப் பையைத் தேர்ந்தெடுத்த மேதையும் அவர்தான்.

"இன்னா சார் தேடறே? பையா?" என்றாள், கூட்டிக்கொண்டிருந்த பொன்னியம்மாள்.

"பை இல்லம்மா! ஹேவர்சாக். பைங்கறது மளிகைக் கடையில கொடுக்கறது."

"அப்ப அது வேற" என்று முணுமுணுத்தபடி அவள் போனாள்.

"ஏன்னா, பைன்னே சொல்லித் தொலையுங்கோளேன்!" மனைவி வேதாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மேனேஜர் தனசிங் மைக்கில் அறிவித்தார்: "ஹேவர்சாக்கைக் கண்டவர்கள் உடனே மேடைக்கு அழைத்து வரவும்!"

யாரோ வெள்ளைக்கார விருந்தாளி தொலைந்துவிட்டான் போல என்று எல்லாரும் பரிதாபப்பட்டுக் காபியைக் குடித்தார்கள்.

ஸ்ரீநிவாசராகவன் மைக்கைப் பிடுங்கினார். "ஜெர்மன்ல 'ஹாஃபர்'னா ஓட்ஸ். குதிரைக்குத் தீனி போடற சாக்குதான் ஹேவர்சாக். அப்புறம்தான் பட்டாளத்துக்காரா தோள்ல மாட்டிண்டா. ஆகவே, பூர்வீகமா அது குதிரையோட சாமான்!"

மாப்பிள்ளையின் பெரியப்பா ஷ்யாம்சுந்தர் எழுந்துவிட்டார். "மாப்பிள்ளையைக் குதிரையில அழைச்சேள், சரி. தாலியையுமா குதிரைச் சாக்குல கொண்டு வருவேள்?"

"தப்பா எடுத்துக்காதேள். கழுதைக்கும் அதைக் கட்டுவா."

"அது யாரு கழுதை?"

மாப்பிள்ளை வீட்டார் மொத்தமாகச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

மணமேடையிலிருந்து மாளவிகா கையெடுத்துக் கும்பிட்டாள். "அப்பா, ப்ளீஸ்!"

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அகராதியைக் கைவிட்டார்.

"பைதான்!" என்று மைக்கில் கதறினார். "காக்கிப் பை! ஜிப் பிஞ்ச, சாதாரணப் பை!"

பொன்னியம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்? குதிரையோட சாமான்னு மைக்குல நீ சொன்னியேன்னு, குதிரைக்காரன் கையில குடுத்து அனுப்பிட்டேனே! இந்நேரம் பல்லாவரம் தாண்டிக்கினு இருப்பான்!"