வேலனுக்குக் கறி ஊட்டலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வட்டக்கானலிலிருந்து ராஜகுமாரி ஈஸ்வரன் வணக்கத்துடன் எழுதுவது. பழனியாண்டவர் புண்ணியத்தில் இங்கே பனியும் குரங்குகளும் சௌக்கியம். அங்கே தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் அவ்வாறே இருக்க வேண்டும். மரியாதை முடிந்தது, இனி வழக்குக்கு வருகிறேன்.

சென்ற இதழில், முப்பது வருஷத்துக்கு முந்தைய ஜப்பான் வீடியோ கேம் ஒன்றைக் காவியம் என்று நாலு பக்கம் உருகி எழுதியிருந்தீர்கள். அது உங்களுக்குப் பொறுமை, நட்பு, தியாகம் எல்லாம் கற்றுத் தந்ததாம். எங்கள் வீட்டுக்காரருக்கு அது சோபாவில் குழி விழ உட்காரக் கற்றுத் தந்திருக்கிறது. கட்டுரையைப் படித்த அன்றே, கல்யாணத்துக்கு முன் கொடைக்கானல் பஜாரில் பிச்சை முகம்மது பாய் கடையில் வாங்கிய கேம் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, கேசட்டை வாயால் ஊதிச் சொருகி உட்கார்ந்தவர்தான். நாங்கள் இரண்டு ரூம் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவர்கள். கோயம்புத்தூர் கெஸ்ட் துண்டைக் கட்டிக்கொண்டு நடுங்கியபடி வெந்நீர் கேட்டால், "கோயிலுக்குப் போயி சேவ் பண்ணிட்டு வர்றேன் சார்" என்கிறார். ஆடிய வரைக்கும் பத்திரப்படுத்தி வைப்பது கேமுக்குள் இருக்கும் கோயிலில்தானாம். அந்த மனிதர் இவரைப் பெரிய பக்தர் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் பச்சைத் தண்ணீரில் குளித்தார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். கெஸ்ட்டுகள் விட்டுப்போகும் புத்தகங்களை எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் படித்தவள். மளிகைக் கணக்கில் கடுகைக்கூட விடாதவள். அந்தக் கண்ணுக்கு உங்கள் காவியத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். உலகம் அழியப் போகிறது. ராஜாவிடம் கோட்டை நிறையச் சேவகர்கள். ஆனால் அரக்கனைக் கொல்ல அனுப்புவது மீசை முளைக்காத ஒருவனை, கையில் ஒரு குச்சியோடு. அவன் வழியெல்லாம் ஊரார் வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்து, பானையை உடைத்து, பீரோவைத் திறந்து, கிடைத்ததைப் பையில் போட்டுக்கொள்கிறான். வீட்டுக்காரியோ, "வடக்கே ஒரு குகை இருக்கிறது" என்கிறாள். மறுபடி கேட்டாலும் அதே குகை. பட்டா மாற்றப் போன இடத்தில் எங்களுக்கும் இதே மரியாதைதான்; குகைக்குப் பதில் "அடுத்த வாரம் வாங்க". அரக்கன் மட்டும் யோக்கியன். உலகத்தை அழிக்கத் தயாராக இருந்தும், எங்கள் வீட்டுக்காரர் காப்பி குடித்து, தூங்கி எழுந்து வருகிற வரை நாற்காலியிலேயே காத்திருக்கிறான். இதைத்தான் கதையின் உச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவர் கழுத்தில் முருகனுக்கு மாலை போட்டிருக்கிறார். போன வருஷம் எங்கள் மகள் பரமேஸ்வரி காய்ச்சலில் பிழைத்ததற்கு, தைப்பூசத்துக்கு அவர் பழனிக்கு நடந்து வருவார் என்று நான் நேர்ந்துகொண்டது. வருகிற வெள்ளிக்கிழமை விடியுமுன் பாதயாத்திரைக் குழு மலையிறங்குகிறது. இவரோ அரக்கனிடம் தோற்ற வேகத்தில், "முருகா, இவனை முடிச்சிட்டுத்தான் வீட்டுப்படி இறங்குவேன்" என்று சத்தியம் செய்துவிட்டார். சரி, முடிக்கிறாரா? அதுவும் இல்லை. அரக்கன் அடிக்கிற அடிக்கு வீரன் பச்சிலை தின்றால் பாதி உயிர்தான் திரும்புகிறது. முழு உயிர் தருவது சுட்ட கறி ஒன்றுதான். அது பை நிறையக் கிடக்கிறது. கொடுக்க மாட்டேன் என்கிறார்.

"ஏங்க, அது டிவியில இருக்க கறிதான?"

"மாலை போட்டவன் கையால கறி ஊட்டுவனா? அதுவும் பயலுக்கு வேலன்னு பேரு வச்சிருக்கேன்."

வீரனுக்கு நாமே பேர் வைக்கலாம் என்பதைப் புகழ்ந்து தனிப் பத்தியே எழுதியிருந்தீர்களே, அதன் பலன் இது.

"அப்ப விட்டுட்டுக் கெளம்புங்க."

"என் சத்தியம் என்னாகுறது?"

"என் நேர்த்திக்கடன் என்னாகுறது?"

டிவியில் வேலன் செத்து விழுந்தான். "பேசிப் பேசியே கொன்னுட்ட" என்றார்.

குழுவை நடத்திப் போகும் குருசாமி சின்னையன் நேற்று வந்தார்.

"சாமி, வெள்ளனே கெளம்பணும். மூட்டை கட்டியாச்சா?"

"ஒரு அரக்கன் பாக்கி இருக்கு சாமி."

"எந்த ஊருல?"

"ஜப்பான்ல சாமி."

"பாஸ்போர்ட் எடுத்து, போயி, கொன்னு, திரும்பி... பங்குனி உத்திரம் வந்துருமே சாமி" என்று கவலையோடு போய்விட்டார்.

ஆசிரியரே, நேராகக் கேட்கிறேன். நீங்கள் அந்த அரக்கனைக் கொன்றதாக மார்தட்டியிருக்கிறீர்களே, கறி கொடுத்தா, கொடுக்காமலா? கறியில்லாமல் வழி உண்டென்றால் உடனே போனில் சொல்லவும். இல்லையென்றால், மாலை போட்டவர்களுக்கு இந்த விளையாட்டு ஆகாது என்று முதல் பக்கத்தில் போடவும். பரணில் நிம்மதியாகக் கிடக்கும் சாமான்களைக் காவியம் என்று எழுதிக் கிளப்பிவிட வேண்டாம்.

தண்டாயுதபாணி தங்களுக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும், அந்த வரிசையிலேயே, அருளட்டும்.

இப்படிக்கு,
ராஜகுமாரி ஈஸ்வரன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். அவர் குளிக்கப் போயிருந்தார். வேலன் சாகக் கிடந்தான். அரக்கன் வழக்கம்போலக் காத்திருந்தான். நான் மாலை போடவில்லையே. முருகன் காலண்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கறியை ஒன்றுவிடாமல் ஊட்டினேன். அரக்கன் போய்ச் சேர்ந்தான். ஈரத் தலையோடு வந்தவர் திரையில் வாணவேடிக்கையைப் பார்த்து, "பச்சிலையிலயே ஜெயிச்சிட்டான்டி! முருகனே வந்து வெளாண்டிருக்கான்!" என்று டிவி முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நான் காலண்டரை நேராகத் திருப்பி வைத்தேன். இப்போது மூட்டை கட்டுகிறார். கட்டிக்கொண்டே, கறியில்லாமல் அரக்கனை வென்ற அற்புதத்தைத் தங்களுக்குக் கடிதமாகவும் எழுதுகிறார். தயவுசெய்து அதைப் போடுங்கள், இதைக் கிழித்துவிடுங்கள்.