வேலூர் வழியில் நான் தின்னாத பஜ்ஜி

ஊரிகம்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மாமா மனோகர் அவர்களுக்கு,

மைத்துனன் கோவிந்தசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாயாவும், பெங்களூரில் மகள் யசோதராவும் சுகம். ஹூப்ளியில் தாங்களும் பிள்ளை வீட்டாரும் அப்படியே இருக்க வேண்டும். தங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். போனில் கேட்டால் சிரிப்பீர்கள். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது பாருங்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

என் வலது கால் பெருவிரலில் புண் வந்ததும், சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டும் என்று வேலூர் டாக்டர் சொன்னதும் தங்களுக்குத் தெரியும். போன வியாழன் மறுபடி காட்டப் போனோம். கட்டுப் போட்ட காலோடு நான் ஓட்ட முடியாது, ஆகவே ஐம்பத்தாறு வயதில் லைசென்ஸ் வாங்கிய மாயா ஓட்டினாள், அதுவே தனிக் கடிதத்துக்கு உரிய பயங்கரம். காரில் நான் என்ன தின்ன வேண்டும் என்பதை யசோதரா முந்தின வாரமே வந்து தீர்மானித்துவிட்டுப் போயிருந்தாள். ஒரு டப்பாவில் முளைகட்டிய பயறு, ஒன்றில் வெள்ளரிக்காய், ஒன்றில் அவித்த முட்டை, பாட்டிலில் உப்பில்லாத மோர். "வழியில எங்கயும் கைய நீட்டாதீங்கப்பா" என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள். பயறு என்னைப் பார்த்தது, நான் பயறைப் பார்த்தேன். பேத்தமங்கலம் வந்ததும் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று பொய் சொல்லி இறங்கினேன்.

பனி இன்னும் விலகவில்லை. ரோட்டில் ஒரு ஆள் இல்லை. டீக்கடையில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் இரண்டு பஜ்ஜியும் கேட்டேன். கடைக்காரர் என் காலில் சுற்றியிருந்த துணியையே பார்த்தார். "உங்களுக்கு ரெண்டும் குடுக்கக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க" என்றார். "இன்னா? எந்த அம்மா?" என்றேன். "இப்பத்தான் சொன்னாங்க சார்" என்றவர் பால் பொங்க உள்ளே ஓடிவிட்டார். திரும்பிப் பார்த்தேன். மாயா காரிலேயே உட்கார்ந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

வி.கோட்டாவில் ஓட்டலுக்குள் போய் உட்கார்ந்தேன். பூரி கேட்க வாயைத் திறக்கும் முன்னே இரண்டு இட்லி வந்துவிட்டது. "அந்தம்மா இதுதான் குடுக்கச் சொன்னாங்க. காலு முக்கியமாமே" என்றார் சர்வர். மாமா, பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். இதே சர்க்கரையால் தன் ஒரு காலை எடுத்த பிறகு, நம் கண்மணி அக்கா சாகும்வரை என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொன்ன வார்த்தை அது. நாமோ ஆன்மா கீன்மா கிடையாது என்று மூன்று தலைமுறையாகச் சொல்லி வருகிற பௌத்தக் குடும்பம். அந்தம்மா எப்படி இருந்தாள் என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தைரியம் வரவில்லை.

பேரணாம்பட்டு மலை இறக்கத்தில் பகல் பத்து மணிக்கு மேகம் வந்து ரோட்டை மூடிவிட்டது. ஓரமாக ஒரு கிழவி கூடை நிறைய சீத்தாப்பழத்தோடு உட்கார்ந்திருந்தாள். பழம் உடம்புக்கு நல்லதுதானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு கையை நீட்டினேன். அவள் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "வாணாம் கோய்ந்து. காரண்ட போ. பயறு துன்னு" என்றாள். என்னைக் கோய்ந்து என்று கூப்பிட்டது உலகத்திலேயே ஒருத்திதான். "பாட்டி, இன்னா சொன்ன?" என்று கேட்டேன். அவள் மிரண்டு போய், "நா ஒண்ணும் சொல்லலியே சாமி" என்றாள். வந்து உட்கார்ந்து டப்பாவில் இருந்த பயறு முழுக்கத் தின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. பயறு அவ்வளவு மோசமில்லை.

டாக்டர் புண்ணைப் பார்த்து, "ஆறி வருது, இப்படியே வாயக் கட்டுங்க, விரல எடுக்க வேணாம்" என்றார். அதே ஆஸ்பத்திரியில்தான் அக்கா கடைசி நாளில் என்னைத் தேடினாள். நான் கீழே கேண்டீனில் பூரி தின்றுகொண்டிருந்தேன். அவள் என்ன சொல்லத் தேடினாள் மாமா? நான் இதுவரை கேட்டதில்லை, நீங்களும் சொன்னதில்லை. இப்போது சொல்லுங்கள்.

பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எல்லோர் மனமும் அமைதியில் இருக்கட்டும்.

தங்கள் அன்பு மைத்துனன்,
கோவிந்தசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் யசோதரா போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். கார் எங்கே நிற்கிறது என்று தன் போனில் பார்த்துப் பார்த்து, அந்த டீக்கடைக்கும் ஓட்டலுக்கும் அவள்தான் நம்பர் தேடிப் பேசியிருக்கிறாள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று கிழித்துப் போடவும். கிழவியிடம் எப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "எந்தக் கிழவிப்பா? மலைல அரை மணி நேரம் சிக்னலே இல்ல, உங்க ரெண்டு பேர் போனும் எடுக்கல, நா எவ்ளோ பயந்துட்டேன் தெரியுமா?" என்றாள். மாயாவைக் கேட்டேன். "மலைல நா எங்க நிறுத்தினேன்? பிரேக்குல வெச்ச கால எடுக்கவே இல்ல. நீங்க பாட்டுக்குப் பயறு துன்னுக்கினு, 'சரிக்கா, சரிக்கா'ன்னு யார் கிட்டயோ பேசிக்கினு வந்தீங்க. போன்லன்னு நெனச்சேன்" என்கிறாள்.