மணலுக்குப் பிடித்த விண்கலம்

"வெளிய வர மாட்டேங்குது டீச்சரம்மா" என்றார் சைபுல்லா பாய்.

ஆலங்காயத்தில் மாட்டுக்குப் பித்தளை மணி வார்ப்பவர் அவர். மணல் பெட்டிக்குள், டீச்சர் செந்தாமரை தன் கையால் மரத்தில் செதுக்கிய குட்டி விண்கலம் புதைந்திருந்தது. அதை உருவி எடுத்தால்தான் அந்தப் பள்ளத்தில் பித்தளையை ஊற்ற முடியும். பாய் உருவினார். நான்கு இறக்கைகளோடு பாதி மணலும் சேர்ந்து வந்தது.

"பரவால்ல பாய், ஊத்திப் பாருங்க."

ஊற்றினார். ஆறியதும் தட்டி எடுத்தார். மணல் உடைந்த இடமெல்லாம் பித்தளை ஓடி, விண்கலத்துக்குக் கால்கள் முளைத்திருந்தன.

"நண்டுங்களா?"

செந்தாமரை மலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். படித்தது விலங்கியல். நண்டு என்றால் அவளுக்கு நன்றாகவே தெரியும்.

இந்தியர் ஒருவர் விண்வெளிக்குப் போய்வந்த வருடம் அது. ஆண்டு விழாவில் பரிசாகக் குட்டி விண்கலம் கொடுக்கலாம் என்றது அவள்தான். ஆசிரியர் கூட்டத்தில் அவள் வாயைத் திறந்து சொன்ன முதல் யோசனை. இது சிரிப்பாய்ச் சிரித்தால் இனி வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

வேறு கட்டையில் இறக்கைகளைத் தடிமனாகச் செதுக்கினாள். மணல் பிழைத்தது. ஆனால் தடித்த இடமெல்லாம் ஆறும்போது உள்வாங்கிக்கொண்டது.

தலைமை ஆசிரியர் கோபால்சாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கத்திரிக்காயாம்மா?"

"விண்கலம் சார்."

"காம்பு இருக்குதே?"

"அது ஆன்டெனா சார்."

"இன்னாவோ, நல்லா பண்ணு. வானத்தைப் பாக்கற கூடத்துல இருந்து இஞ்சினியர வரச் சொல்லியிருக்கேன். நீதான் மேடையில எடுத்துச் சொல்லணும்."

"நானா சார்?"

"பின்ன, கத்திரிக்காயா பேசும்?"

அன்றே ஆன்டெனாவை வெட்டினாள். ஜன்னல்களைத் தேய்த்து அழித்தாள். இறக்கைகளை மனசைக் கல்லாக்கிக்கொண்டு சீவினாள். அடியை அகலமாக விட்டு, மேலே குறுக்கி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினாள்.

இந்த முறை பாய் உருவியபோது, துணியிலிருந்து இட்லி வருவதுபோல் வந்தது.

"மாஷா அல்லா! கை தேறிடுச்சு டீச்சரம்மா. ஒரு பொட்டு மண்ணு ஒட்டல!"

வார்த்ததும் பிசிறே இல்லை. இருவரும் பெருமையோடு பார்த்தார்கள். பிறகு பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"ஆனா இது வந்து..."

"சொல்லாதீங்க பாய்."

"மாட்டு மணி."

"சொல்லாதீங்கன்னேனே!"

"நாக்கு மட்டும் கட்டிட்டா சந்தையில போட்டுடலாம்."

விழாவுக்கு நாள் இல்லை. பரிசுக்கு வேண்டிய எல்லாவற்றையும் அப்படியே வார்க்க வைத்து, மூட்டை கட்டி, பஸ் ஏறினாள்.

விழாவன்று கோபால்சாமி ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினார்.

"சத்தம் வரலையே?"

"விண்கலம் சார்."

"இறக்கை எங்க?"

"மணல் விடலை சார்."

"ராக்கெட்ட மணல் இன்னாம்மா பண்ணும்? இஞ்சினியர் முன்னாடி மானத்த வாங்கிடாத. பேப்பர் வெயிட்னு சொல்லிடு."

மேடையில் இஞ்சினியர் ரங்கசாமி தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். செந்தாமரைக்கு மனப்பாடம் செய்த பேச்சு முழுவதும் மறந்துபோனது. பேப்பர் வெயிட் என்ற வார்த்தையும் வரவில்லை. உண்மைதான் வந்தது.

"மன்னிச்சுடுங்க சார். இறக்கை, ஆன்டெனா, ஜன்னல் எல்லாம் வெச்சுத்தான் ஆரம்பிச்சேன். ஒவ்வொண்ணா வெட்ட வேண்டியதாப் போச்சு. மிச்சம் இதான்."

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பில்லை.

"விண்வெளியிலருந்து திரும்பறப்ப அங்கயும் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா கழட்டி விட்டுட்டாங்கம்மா. கடைசில நம்ம ஆளைப் பத்திரமா தரைக்குக் கொண்டாந்தது இதே வடிவந்தான்."