மாமனார் வயிற்றில் ஓர் ஆராய்ச்சி

சமையலறை மேடையில் அந்த ஊறுகாய் பாட்டில் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்ததும் வளன் அதை எடுத்து நிமிர்த்தி உள்ளே எட்டிப் பார்த்தான்.

“பிரியா, இதுல இருந்த மாவு எங்க?”

“காலைல அப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சிட்டேங்க. லேசா மஞ்சளா இருந்துச்சா, சத்துமாவுனு நெனச்சேன். ஏன்?”

“சும்மாதான் கேட்டேன்.”

அது சத்துமாவு இல்லை. திண்டிவனம் பக்கம் ஒரு மருந்தாளுநர் கல்லூரியில் வளன் விரிவுரையாளர். மரவள்ளி மாவைத் தூசியைவிட நுண்ணிய உருண்டைகளாக்கி, உள்ளே பி-2 வைட்டமினை ஒளித்து வைப்பதுதான் அவன் ஆராய்ச்சி. ஒரு வேளை சாப்பிட்டால் போதும். உருண்டை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விட வேண்டும். ஆனால் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டால் அரைமணி நேரத்தில் மொத்தத்தையும் கக்கிவிட்டுச் சும்மா மிதந்தது. “இந்த மாசத்தோட மூட்டை கட்டிடுங்க” என்று பிரின்சிபால் சீனுவாசன் சொல்லிவிட்டார். போதாக்குறைக்கு லேபில் எலிகள் மாவைத் தின்றன. கடைசியாகச் செய்ததையாவது காப்பாற்றலாம் என்றுதான் விழுப்புரத்து வீட்டுக்கு எடுத்து வந்திருந்தான்.

அது இப்போது, பொம்மையார்பாளையத்திலிருந்து மகளைப் பார்க்க வந்திருக்கும் மாமனார் தொம்மையின் வயிற்றில் இருந்தது.

வைட்டமின்தானே, அவருக்கு ஒன்றும் ஆகாது. விஷயம் பிரியாவுக்குத் தெரிந்தால் தனக்குத்தான் ஏதாவது ஆகும் என்று வளன் வாயை மூடிக்கொண்டான்.

மத்தியானம் தொம்மை பாத்ரூமிலிருந்து வெளிறிப்போய் வந்தார்.

“மாப்ள, மஞ்சளா போவுது. சாமந்திப்பூ கணக்கா!”

மிஞ்சிய பி-2 சிறுநீரில் அப்படித்தான் வெளியேறும் என்று வளனுக்குத் தெரியும். “சூடு மாமா. நெறைய தண்ணி குடிங்க” என்றான்.

தொம்மை ஒரு சொம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தார். அதனால் போவதும் வருவதுமாக இருந்தார். போகும்போதெல்லாம் மஞ்சள், வரும்போதெல்லாம் அலறல்.

“மஞ்சக் காமாலைதான்!” என்று பிரியா முடிவு கட்டினாள். பக்கத்து வீட்டுத் தையல்நாயகி கீழாநெல்லி அரைத்துக்கொண்டு வந்தாள். வஞ்சிரக் குழம்பு பரணுக்குப் போய், உப்பில்லாத மோர் சாதம் தட்டுக்கு வந்தது.

“கொழம்பு வாசன வருதேம்மா” என்று தொம்மை கண் கலங்கினார்.

மாமனாரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துட்டா நிம்மதியா இருக்கலாமே” என்றான் வளன்.

எடுத்தார்கள். காமாலைக்கான அறிகுறியே இல்லை என்று வந்தது. பிரியாவின் முகம் இன்னும் இருண்டுபோயிற்று.

“டெஸ்டுக்கே புடிபடாத காமாலையாங்க!”

அவள் போன் போட்ட வேகத்தில் சொந்தக்காரர்கள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். சித்தப்பா சவுரிராயன் கையோடு விக்கிரவாண்டி வைத்தியர் ஒருவரையும் கூட்டி வந்திருந்தார்.

“ஜல்தியா அடுப்பப் பத்த வைம்மா. கம்பியக் காய்ச்சி மணிக்கட்டுல ஒரு இழுப்பு. காமால ஓடியே பூடும்” என்றார் வைத்தியர்.

தொம்மை கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டார். வைத்தியர் பையிலிருந்து கம்பியை எடுத்தார். இதற்குமேல் வளனால் தாங்க முடியவில்லை.

“நிறுத்துங்க! அது காமாலை இல்ல. அவரு குடிச்ச கஞ்சி என்னோட ஆராய்ச்சி மாவு!”

பிரியா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“எங்கப்பன எலியாக்கிட்டீங்களா?”

வளன் பதில் யோசிப்பதற்குள், இதுதான் சமயமென்று பாத்ரூமுக்குள் புகுந்துவிட்ட தொம்மையின் குரல் கேட்டது.

“இப்பவும் மஞ்சள்தான்!”

வளன் அப்படியே நின்றான். காலையில் குடித்த கஞ்சி. இப்போது விளக்கு வைக்கும் நேரம். இன்னுமா மஞ்சள்? அப்படியானால் உருண்டைகள் நாள் முழுக்க மருந்தை விட்டுக்கொண்டே இருக்கின்றன! குவளையில் நடக்காதது மாமனாருக்குள் நடந்துவிட்டது! பிரியா திட்டுவது எதுவும் அவன் காதில் ஏறவில்லை. பிரின்சிபாலுக்குப் போன் போட்டான்.

சீனுவாசன் திண்டிவனத்திலிருந்து காரில் பறந்து வந்தார். ஒரு கையில் மைசூர்பாகு, இன்னொரு கையில் பொன்னாடை. வைத்தியர் கம்பியை மெல்லப் பைக்குள் வைத்துக்கொண்டார். “மூட்டை கட்டச் சொன்னேன்ல, அத மறந்துடுங்க வளன். இனிமே நீங்கதான் நம்ம காலேஜோட பெருமை” என்று சொல்லி வளனைக் கட்டிக்கொண்டார் பிரின்சிபால். கோபத்தில் இருந்த பிரியாகூடக் காபி போட உள்ளே போனாள்.

சீனுவாசன் பொன்னாடையைத் தொம்மைக்குப் போர்த்திவிட்டு பவ்யமாகக் கேட்டார்.

“ஐயா, நீங்கதான் எங்களுக்கு வழிகாட்டி. அந்தக் கஞ்சிய ஒரே மூச்சுல குடிச்சீங்களா, கொஞ்சம் கொஞ்சமாவா?”

தொம்மை சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க சார். அத வாயில வெக்க முடியல, மொத்தத்தையும் வாழைக்கு ஊத்திட்டேன். ஒடம்புல சத்து வேணுமேன்னு காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுனு பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரதான் போட்டுக்கினு இருக்கேன்.”